உடும்பு தோற்ற வார்டு

மல்யுத்தக் களத்தில் அவளை எல்லாரும் உடும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பிடித்தால் விடமாட்டாள். சம்பளத்துக்கு ஆடும் வீராங்கனை. பெரிய கோப்பை ஒன்றும் வாங்கியதில்லை. ஆனால் அவளோடு மோதியவர்கள் மறுநாள் தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் அவளைத் திட்டினார்கள்.

திடீரென்று அவளுடைய கிளப்புக்குச் சமூக சேவையில் ஆசை வந்தது. உடும்பையும் ஒரு புகைப்படக்காரரையும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருப்பவர்களின் வார்டு. பழக்கூடையைக் கொடு, சிரி, வா. அவ்வளவுதான் உத்தரவு.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வலது கையில் பலம் குறைந்திருந்தது. அமுக்கிப் பழகச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தை அவர்மேலேயே எறிகிற ஆள். கூடையை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிஜமாவே பலசாலியா, இல்ல போட்டோவுக்கு மட்டுமா?"

"நீங்களே பாத்துக்கங்க, தாத்தா."

"யாருக்குத் தாத்தா? டிரைவர்னு கூப்பிடு. வா, கையைக் கொடு."

சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு இருவரும் முழங்கையை ஊன்றினார்கள். அவருடைய பிடியில் பலமே இல்லை. உடும்புக்கு மனசு இளகிவிட்டது. பல்லைக் கடித்து, முக்கி முனகி, அழகாகத் தோற்றுப்போனாள்.

டிரைவருக்கு வந்ததே கோபம்! "என்ன நடிப்பு! இரக்கப்பட்டு விட்டுக் கொடுக்க நான் கேட்டேனா? கிளம்பு!" இடது கையால் ஒரு ஆரஞ்சை எடுத்து வீசினார். அது அவளைத் தாண்டிப் போய்ப் புகைப்படக்காரரின் வழுக்கையில் இறங்கியது.

அடுத்த வாரம் அவள் தனியாக வந்தாள். பிசியோதெரபிஸ்டிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக ஜன்னலோரம் போனாள். கண் இமைக்கும் நேரத்தில் டிரைவரின் கையை மெத்தென்று மேசையில் சாய்த்தாள்.

"இப்போ திருப்தியா, டிரைவரே?"

"இது ஆட்டம்!" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. அன்று மாலையே பந்தைத் தேடிக் கட்டிலுக்கடியில் குனிந்தார்.

அதற்குப்பிறகு வாராவாரம் வார்டே வரிசையில் நின்றது. உடும்பு ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தோற்றவர்களைக் கிண்டலும் செய்தாள். அவர்கள் கறுவிக்கொண்டு அந்த வாரம் முழுக்கப் பயிற்சி செய்தார்கள். "இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?" என்று ஹெட் நர்ஸ் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருநாள் டிரைவரின் கை சாயாமல் தாக்குப்பிடித்தது. உடும்புக்கே வியர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டில் தையல்கார அம்மா நைசாகக் கையை நீட்டி அவள் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினார். உடும்பு கெக்கெக்கே என்று சிரித்ததுதான் மிச்சம், கை மேசையில் கிடந்தது.

"கள்ளாட்டம்!" என்று கத்தினாள்.

"ஜெயிச்சா ஜெயிச்சதுதான்" என்றார் டிரைவர்.

யாரோ செல்போனில் பிடித்த படம் மறுநாள் பேப்பரில் வந்தது: 'உடும்பைச் சாய்த்த டிரைவர்'. அவளுடைய பயிற்சியாளர் கொதித்துப் போனார். "கிளப் மானத்தையே வாங்கிட்டியே! நான் வந்து பேசிக்கறேன்."

வந்தார். பேச வாயைத் திறப்பதற்குள் தையல்கார அம்மா, "உட்காருங்க தம்பி, ஒரு கை பாத்துட்டுப் பேசலாம்" என்றார். மறுக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் விலாவுக்கு இரண்டு பக்கமும் ஆள் தயாராக இருந்தது அவருக்குத் தெரியாது.

டிரைவர் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். உடும்பு இன்னமும் வாராவாரம் வார்டுக்குப் போகிறாள்.

பயிற்சியாளர் வார்டில் கை பார்த்த அன்று, திரும்பி வரும்போது வண்டியில் அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, "இதை யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

"சேச்சே, சொல்வேனா சார்?" என்றாள் உடும்பு. அவர் தோற்ற படம் ஏற்கெனவே புகைப்படக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.