வடிவு செருப்புல இருந்த ஊக்கு எங்க?

ஊக்கைக் காணோம்!

நேத்து புது சீரிஸ்ல நான் முதல்ல கவனிச்சது அதைத்தான்.

(நான் ஷூ கம்பெனியில செக்கிங்ல நிக்கிறேன். யாரைப் பார்த்தாலும் கண்ணு முதல்ல காலுக்குத்தான் போகும். முகமெல்லாம் அப்புறம்தான்.)

சின்ன வயசுல டிவியில ஒரு சீரியல் பார்ப்போமே, வடிவுன்னு ஒரு பொண்ணு, படிப்பை பாதியில விட்டுட்டு வீட்டு வேலைக்குப் போவாளே? அதோட புது பார்ட் இப்ப ஓடிடியில வந்திருக்கு. அதே நடிகை!

பழசுல கடைசி சீன் ஞாபகம் இருக்கா?

வடிவு பத்தாவது பரீட்சை எழுதக் கிளம்புவா. ரப்பர் செருப்போட வார் அறுந்திருக்கும். அதுல ஒரு ஊக்கைக் குத்திப் போட்டுக்கிட்டு நடப்பா. அந்தக் கால் பரீட்சை ஹாலுக்குள்ள போகும்.

அவ்ளோதான். சுபம் போட்டுட்டாங்க!

பாஸா, ஃபெயிலா? சொல்லவே இல்ல.

நானும் பத்தாவதுல மேக்ஸ்ல ஃபெயிலாகி, அதோட படிப்பை நிறுத்தினவ. அதனால எனக்கு அது வெறும் கதை இல்ல. அவ பாஸ்னு தெரிஞ்சா, நானும் திரும்ப எழுதிப் பார்க்கலாமான்னு... சரி, விடுங்க.

புதுசுல வடிவுக்கு பெரிய பங்களா. கழுத்து நிறைய நகை. நாத்தனாரோட சொத்துத் தகராறு. நடுவுல அந்தப் பரீட்சை நாளை ஒரு தடவை காட்டுறாங்க. புதுசா எடுத்திருக்காங்க. ஸ்லோமோஷன், மழை வேற. செருப்பு இன்னைக்குத்தான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு.

அடுத்த சீன் பங்களா!

ரிசல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

ஆனா அந்த பழைய டைட்டில் மியூசிக்கை போட்டப்ப உடம்பு சிலிர்த்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். போனைக் கீழ வைக்கிறேன், எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு எனக்கே தெரியல. உங்களுக்கும் இப்படித்தான் இருக்கா?

இன்னைக்குக் காலையில கம்பெனி பஸ்.

எங்க பஸ்ல ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிச்சுப் போய் சமைச்சு, துவைச்சு, அக்காங்க யாருக்கும் எதையும் பார்க்க நேரம் இருக்காது. என் ரீசார்ஜ்ல அந்த ஆப் இருக்கு. அதனால நான் பார்த்துட்டு வந்து காலையில கதை சொல்லணும்.

நாலு பேர் முன்னாடி எழுந்து பேச எனக்கு வராது. அதனால பக்கத்து சீட்டு கஸ்தூரி அக்கா காதுல நான் மெதுவா சொல்லுவேன். அவங்க எழுந்து நின்னு பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சொல்லுவாங்க. (அக்காதான் என் ஸ்பீக்கர். மசாலா மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி!)

பள்ளிகொண்டா ஸ்டாப்புல முபீனா அக்கா ஏறினாங்க. உட்காரக்கூட இல்ல.

"இன்னாடி ஆச்சு? வடிவு பாஸா?"

நான் கஸ்தூரி அக்கா காதுல சொன்னேன். "அதைக் காட்டவே இல்லக்கா. இப்ப பங்களாவுல இருக்கா."

அக்கா எழுந்தாங்க.

"வடிவு பாஸ் பண்ணிட்டாளாம்! பாஸ் பண்ணாமயா அம்மாம் பெரிய பங்களா!"

பஸ்ஸே கைதட்டுச்சு! பின் சீட்டுல ஒருத்தங்க விசில் கூட அடிச்சாங்க.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். சும்மா இருக்க முடியல.

எழுந்து நின்னுட்டேன்.

"இல்ல!"

என் குரல்தானா அதுன்னு எனக்கே சந்தேகம். கண்ணாடியில டிரைவர் அண்ணன் கூடப் பார்த்தார்.

"பாஸுன்னு யாரும் சொல்லல. ரிசல்ட்டையே காட்டல. செருப்புல ஊக்கு கூட இல்ல."

கைதட்டல் நின்னுபோச்சு.

"ஊக்கு இல்லியா?" முபீனா அக்காவுக்குக் கண்ணு பெருசாயிடுச்சு. "அந்த இடது கால் செருப்புல?"

(பாருங்க, எந்தக் கால்னு கூட ஞாபகம் இருக்கு! எல்லாரும் செருப்பு, ஷூவிலயே பொழப்பு நடத்துறவங்க.)

"அந்த ஊக்கு இல்லாம அவ வடிவே இல்ல. ரிஜெக்ட்! தூக்கி ஓரமா போடு!" முன் சீட்டுல இருந்து ஒரு குரல்.

"அரே, புதுசு நல்லாதான் இருக்காம், என் தங்கச்சி சொன்னா. புடவையெல்லாம் அவ்ளோ அழகாம்." இது இன்னொரு அக்கா.

"புடவையைப் பார்க்க துணிக்கடைக்குப் போ!" மறுபடி முன் சீட்டு.

கஸ்தூரி அக்காவுக்குக் கோவம். "ஏன்டி, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. பாஸுன்னே விட்டிருந்தா உனக்கு இன்னா கம்மியாப் போச்சு?"

நான் உட்காரல.

முபீனா அக்காதான் கேட்டாங்க. "சரி, அவங்க சொல்லாட்டி போறாங்க. நீ சொல்லு. வடிவு இன்னா ஆயிருப்பா?"

"ஃபெயில்தான்க்கா. மேக்ஸ்ல."

யாரும் சிரிக்கல. என் கதை அந்த பஸ்ல எல்லாருக்கும் தெரியும். கஸ்தூரி அக்கா மட்டும் என் கையைப் பிடிச்சு உட்கார வெச்சாங்க.



அப்புறம் முபீனா அக்கா ரொம்ப சாதாரணமா கேட்டாங்க. "சரி. ரீவொர்க் உண்டா?"

எங்க லைன்ல தையல் தப்பா இருந்தா அந்த இடத்துல குட்டியா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி திருப்பி அனுப்புவோம். பிரிச்சு மறுபடி தைச்சா அதே பீஸ் ஓகே ஆயிடும். தினமும் நான் பண்ற வேலையே அதுதான்!

அதுக்குள்ள கம்பெனி கேட் வந்துடுச்சு. டிரைவர் அண்ணன் ஹாரன் அடிச்சார். யாரும் இறங்கல.

"சொல்லிட்டு இறங்குடி!"ன்னாங்க முபீனா அக்கா.

"தெரியலக்கா"ன்னுட்டு இறங்கி ஓடிட்டேன்.

காலையில பூரா கை வேலையில, மனசு வேற எங்கயோ. ஒரு பீஸ்ல ஸ்டிக்கரைத் தப்பான இடத்துல ஒட்டி சூப்பர்வைசர்கிட்ட திட்டு வேற!

முபீனா அக்கா பொண்ணு இந்த வருஷம்தான் பத்தாவது முடிச்சா.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க பொண்ணோட மேக்ஸ் கைடு வீட்டுல இருக்கா?"ன்னு கேட்டேன்.