இலை இல்லாத கேரட்

மன்னவனூர் மலைச் சாலையோரம் கேரட் விற்கும் அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. தலையில் கம்பளித் தொப்பி, மண் போகாத நகங்கள், யாரையும் நேராகப் பார்க்கும் கண்கள். மற்ற கடைகளில் கேரட் பச்சை இலையோடு கொத்துக் கொத்தாகத் தொங்கும். இவர் மட்டும் பிடுங்கிய கையோடு இலையை முறுக்கி ஒடித்துப் போட்டுவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதும் கை அதைத்தான் செய்துகொண்டிருக்கும்.

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். என் வண்டியில் வருகிற ஆட்கள் இலையின் அழகைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்கே போனார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இலைய விட்டுவைங்கக்கா. அதப் பாத்துத்தான வாங்குறாங்க."

"பிடுங்குன பெறகும் இலை தண்ணி கேட்டுக்கிட்டேதான் இருக்கும் தம்பி. மண்ணுல இருந்தா வேரு உறிஞ்சிக் குடுக்கும். இங்க எதக் குடுக்கும்? கேரட்டும் வேருதான. தன் ஒடம்புல சேத்து வச்சதக் குடுத்துட்டுத் தொவண்டுரும்."

"யாவாரம் போகுதேக்கா."

"போகட்டும். எங்காட்டுக் கேரட்ட மதுரையில ஒருத்தர் ஒடிச்சா டொக்குன்னு கேக்கணும்."

அன்று நானே ஒரு கிலோ வாங்கினேன். மறுநாள் மதுரையில் ஆட்களை இறக்கிவிட்டு, பையிலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்தேன். பக்கத்து வண்டி டிரைவர் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"எங்க மலைக் கேரட்டு" என்று பாதியை நீட்டினேன், என்னமோ நானே விளைய வைத்தவன் மாதிரி.