நீ பங்கு போடு, நான் எடுத்துக்கறேன்

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். ஏலத்தில் நிற்கிறவர் எதிராளியின் மனதை எப்படிக் கணிக்கிறார், அந்தக் கணிப்பை நம்பி எப்படி முடிவெடுக்கிறார் என்பது என் ஆராய்ச்சி. ஆட்டக் கோட்பாடு என்பார்கள். லாரி ஓட்டிச் சம்பாதித்துச் சொந்தமாக டிப்பர்கள் வாங்கிய என் அண்ணனுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. "காலேஜுல ஆட்டம் சொல்லிக் குடுக்குறாளாம். அதுக்குச் சம்பளம் வேற!" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவின் முதல் திதி முடிந்த மறுநாள், அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்தை என் முன் வைத்தார். அப்பாவின் சொத்தில் என் பங்கை அவருக்கே விட்டுவிடுகிறேன் என்று தட்டச்சு செய்திருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னா யோசிக்கிற? எல்லா பொண்ணுங்களும் போடுற கையெழுத்துதான். நகை போட்டு, சீர் செஞ்சிதானே அனுப்புனோம்?"

"போட மாட்டேண்ணா. எனக்குச் சமபங்கு வேணும்."

அம்மா பதறிப் போனாள். "கூடப் பொறந்தவன்கிட்ட பங்கு கேட்டா ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்மா. சட்டம் குடுத்தத நான் ஏன் வேணாம்னு சொல்லணும்?"

பெரியவர்களை வைத்துப் பிரிக்கலாம் என்றார் அண்ணன். அவர் சொன்ன பெரியவர்கள் எல்லாரும் அவர் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். நான் மறுத்தேன். "யாரும் வேணாம். நீயே ரெண்டு பங்கா போடு. எது எனக்குன்னு நான் மொதல்ல எடுத்துக்கறேன்."

அம்மா தன் பங்கை எங்கள் இருவருக்குமே விட்டுவிடுவதாகச் சொன்னாள். அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். எதிராளி எதை எடுப்பார் என்று தெரியாதவன்தான் ஒழுங்காகப் பாதி போடுவான். தெரியும் என்று நினைக்கிறவன், எதிராளி விடப்போகும் பங்கில் மதிப்பைக் கூட்டி வைப்பான். நான் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்ததே அவனைப் பற்றித்தான்.

அண்ணன் போட்ட பங்கு இதுதான். ஒரு பக்கம் ஊர் வீடும் அதையொட்டிய கிணற்று நிலமும். மறுபக்கம் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த சவுக்குத் தோப்பு. தோப்புதான் பல மடங்கு விலை போகும் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நான் படித்து வளர்ந்த மாடி அறை அந்த வீட்டில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் திருக்கழுக்குன்றத்து மலை தெரியும். கல்யாணமாகிப் போன பிறகும் ஊருக்கு வந்தால் அங்கேதான் படுப்பேன். அதை நான் விடமாட்டேன் என்பது அண்ணனின் கணக்கு. தோப்பை ஒரு விடுதிக்காரருக்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

"தோப்பு எனக்கு" என்றேன்.

அண்ணனின் முகம் கறுத்தது. "உனக்கு வூடுதானே புடிக்கும்?"

"புடிக்கும்."

"அப்புறம் இன்னாத்துக்குடி தோப்பு?"

"எனக்கு எது வேணும்னு நீ முடிவு பண்ணிக்கினு வந்து உக்காந்தியே, அதுக்குத்தான்."

கத்தினார். பேராசைக்காரி என்றார். அம்மா அழுதாள். நான் எழுந்திருக்கவில்லை. சொன்ன சொல்லிலிருந்து அவரால் பின்வாங்கவும் முடியவில்லை. போட்ட பங்கு அவருடையது. பதிவு அலுவலகத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

துறையில் கூட வேலை செய்யும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பிடித்ததை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். கோபத்தில் எடுத்த முடிவு, பகுத்தறிவு இல்லை" என்றார். கோபம்தான். என் ஆசையை அடுத்தவன் என் கழுத்தில் கயிறாகப் போட்டு இழுக்கும்போது, அந்த ஆசையை விட்டு நடப்பதும் என் விருப்பம்தான். அதைச் சமன்பாட்டில் சேர்க்காதது கோட்பாட்டின் குறை, என் குறை அல்ல என்றேன்.

வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மாடி அறையில் இப்போது டயர் அடுக்கியிருக்கிறார்களாம். அம்மா போனில் சொன்னாள். ஆனாலும் அதே இரண்டு பங்கை மறுபடி என் முன் வைத்தால் அதையே சொல்வேன்.

போன மாதம் ஒரு தரகர் போன் செய்தார். "மேடம், தோப்பைக் குடுத்துடுவீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. எப்ப வந்து பாக்கலாம்?"

"நான் சொன்னனா?"

"இல்ல மேடம், அவருதான்..."

"அப்ப அவர்கிட்டயே போய்ப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போய்க் கம்பிவேலி போட ஆள் வைத்தேன்.