ரத்தம் கொடுக்காத வருஷம்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் ரத்த தான முகாம் நடத்தும். முதல் ஆளாகப் போய்ப் படுப்பது நான்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த வருஷம் ஜூஸ் மேஜைக்குப் பின்னால் நின்றேன்.

காரணம், எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சி ஒன்றில் ஊசி போட்டுக்கொள்ள நான் கை நீட்டியிருந்தேன். அந்தக் கிருமியின் நோய் தராத ஒரு துண்டை, சாதுவான வேறொரு வைரஸின் முதுகில் ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அதே வைரஸை மறுபடி அனுப்பினால் உடம்பு அடையாளம் கண்டு வாசலிலேயே மறித்துவிடுமாம். அதனால் இரண்டாவது ஊசியில் சரக்கு அதே, வண்டி வேறு.

"நம்ம பொண்ணுக்கு மாத்திரைய வாழப்பழத்துல வெச்சுக் குடுத்தோமே, மறுநாள் பழத்தைப் பாத்தாலே வாயை மூடிக்கிட்டா. அப்புறம் ஜாம்ல வெச்சோம். அதானே?" என்றாள் என் மனைவி. டாக்டர் எனக்கு அரைமணி நேரம் விளக்கியது அவ்வளவுதான்.

ஆனால் அவளுடைய பயம் வேறு விஷயம். இந்த ஊசியால் நோய் வராது. போட்டுக்கொண்டவரின் ரத்தத்தைச் சோதித்தால் மட்டும் எச்.ஐ.வி. இருப்பதுபோலக் காட்டக்கூடும். அதனால் ரத்தம் கொடுக்கக் கூடாது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அந்தப் பேரைக் கேட்டா அப்புறம் நம்ம வீட்டுல யாரும் கை நனைக்க மாட்டாங்க" என்று கெஞ்சினாள். சரி என்றேன், எரிச்சலோடுதான்.

முகாமில் சங்கத்து ஆன்ட்டி ஒருவர் என்னை விடவில்லை. "என்ன சார், இந்த வருஷம் டிமிக்கியா? பிபியா, ஷுகரா?"

ஷுகர் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் திருட்டு முழியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றாள், வரிசைக்கே கேட்கும்படி. "எச்.ஐ.வி.க்கு வேக்ஸின் ட்ரை பண்றாங்க, இவரு வாலன்டியர் பண்ணிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. டெஸ்ட்ல தப்பாக் காட்டலாம்னுதான் ரத்தம் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஜூஸை வாங்கி உறிஞ்சிக்கொண்டே, "அறுவது தாண்டினவங்களை எடுத்துப்பாங்களா?" என்று கேட்டார்.

அதற்குள் மனைவி வரிசையில் போய் நின்றுவிட்டாள். ஃப்ளூ ஷாட்டுக்கே கண்ணை மூடிக்கொள்கிறவள்.

"நம்ம வீட்டுலேருந்து ஒருத்தர் குடுக்கணும்ல" என்றபடி கட்டிலில் படுத்தாள். "அதுசரி, பொய் சொல்ற அளவுக்கு நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

நர்ஸ் நெருங்கியதும் என் கையைப் பிடித்து நசுக்கினாள். என் இரண்டு ஊசியிலும் இந்த வலி இல்லை. அவள் விடும்வரை அப்படியே நின்றேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.