தொட்ட பிறகு இறங்கிய கை

நெய்வேலியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்மாபுரத்துக்காரன் ஒருவன் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டுப் பணத்துக்காகக் குத்துச்சண்டை போட ஆரம்பித்திருந்தான். கல்லூரியில் அதைக் கொஞ்சம் கற்றிருந்த நான்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

அவன் சிலம்பம் ஆடி வளர்ந்தவன். அந்தக் காலடி மேடையிலும் வந்தது. அடுத்து எந்தப் பக்கம் நகர்வான் என்று எதிராளிக்குப் பிடிபடாது. எல்லாம் சிலம்பம் தந்தது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெருமையடித்தேன்.

ஆனால் அவர்கள் ஊர்ச் சிலம்பத்தில், கம்பு உடம்பில் பட்டால் பட்டவன் ஒப்புக்கொள்வான், தொட்டவன் விலகி நிற்பான். இவனும் ஒரு குத்து நன்றாக விழுந்ததும் பின்வாங்கிக் கையை இறக்கிவிடுவான். ஏன் என்று கேட்டேன்.

"அதான் தொட்டாச்சே சார். இன்னும் எதுக்கு அவனைப் போட்டு அடிச்சிகினு?" என்று சிரித்தான்.

திருத்தினால் என் பெருமைப் பேச்சு பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கடலூர்ப் போட்டியில் அவன் குத்து விழும்போதெல்லாம் கூட்டம் ஆரவாரித்தது. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இடைவேளையிலும் கையை இறக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் என் ஆபீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். முகத்தை மட்டும் துடைத்து அனுப்பினேன்.

கடைசிச் சுற்றில் ஓங்கி ஒன்று கொடுத்து, விலகி, கையை இறக்கினான். எதிராளி ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பி விழுந்த குத்தில் இவனுடைய இடது கண் போயிற்று. மேடையும் போயிற்று; பழைய வேலைக்கும் அவனை எடுக்கவில்லை.

பிறகும் யாராவது, சிலம்பம் குத்துச்சண்டைக்கு உதவியதா என்று அவனிடம் கேட்பார்கள்.

"காலுக்கு வந்துதுங்க. கைக்கும் வந்துது," என்பான்.

நான் அங்கே இருந்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.