வெளியே பூட்டச் சொன்னேன்

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் குடியிருந்தோம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் கதை எழுதுவதென்று எனக்கு நானே சபதம் போட்டுக்கொண்டேன். ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடுவேன். அதனால், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் என்னை வைத்து வெளியே பூட்டும்படி மனைவியிடம் சொன்னேன்.

"எட்டு மணிக்கு முனிசிபாலிட்டி சங்கு ஊதற வரைக்கும் நான் என்னா சொன்னாலும் தெறக்காத."

முதலில் வயிற்று வலி என்றேன். மறுநாள் நெஞ்சு வலி. அப்புறம் தேள். ஒவ்வொரு முறையும் பதறித் திறந்து ஏமாந்தவள், பிறகு திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மூட்டைச் சந்திலிருந்து நல்ல பாம்பு ஒன்று வந்து, எனக்கும் கதவுக்கும் நடுவில் படமெடுத்து நின்றது. நாற்காலிமேல் ஏறிக்கொண்டேன். அங்கிருந்தபடியே கூப்பிட்டேன்.

"பாம்புடி... கதவத் தெற."

வெளியே அவள் சிரித்தாள். "அன்னிக்கி தேளு, இன்னிக்கி பாம்பா? நான் சோறு வடிச்சிக்கினு இருக்கறேன். ஒழுங்கா எழுதுங்க."

ஒருவழியாகச் சங்கு ஊதியது. பூட்டுச் சத்தத்தில் பாம்பு திரும்பி மூட்டைச் சந்துக்குள் நுழைந்தது. கதவைத் திறந்தவள் அதன் வாலைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பொய்ய எல்லாம் நம்பினேன். நெசத்த நம்பாம போயிட்டேனே" என்று அழுதாள்.

ஆள் வைத்துப் பாம்பைப் பிடித்த மறுநாளிலிருந்து கதவு திறந்தே கிடந்தது. எழுந்து ஓடத் தோன்றும்போதெல்லாம் அவளுடைய அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். உட்கார்ந்துவிடுவேன்.