ஒரு கட்லியா, இரண்டு பெயர்

நான் ஒரு மடையன். இதை வேறு யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது வசதி. கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் வளர்ந்து, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பண்டசாலை ஒன்றில் களஞ்சியம் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, கடல் உப்பு என்பது மறந்துபோனது.

நான் வளர்க்கும் ஓர்கிட் பூச்செடிக்கு மண் ஆகாது. தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி அதில்தான் வைக்கவேண்டும். மட்டையில் ஒரு சாயம் இருக்கிறது. அது போகும்வரை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். என்னைப் போன்ற சோம்பேறிக்கு அது பெரிய உத்தியோகம். ஒருநாள் காலை நடைக்குப் போனபோது, கயிறு திரிப்பதற்காக யாரோ துறைமுகக் கரையோரத் தண்ணீரில் தாட்டுவைத்து மறந்துபோன மட்டைகள் மெத்தென்று ஊறிக் கிடந்ததைக் கண்டேன். எனக்காகவே ஊறப்போட்டது போலிருந்தது. ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் கண்டவர்களிடம் என் கெட்டித்தனத்தைப் பற்றிக் கதை வேறு அளந்தேன்.

கொஞ்சநாளில் இலை நுனிகள் நெருப்புக் காட்டியதுபோல் கருகின. உரம் போதாதென்று உரம் போட்டேன். பிறகு சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் அழுகிக் கூழ். ஒரு மட்டைத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கருவாடு தோற்றது.

கம்பியில் அந்தரத்தில் தொங்கும் வண்டா ஓர்கிட்டுகளுக்கு மட்டை தேவையில்லை. நான் கைவைக்காததால் அவை தப்பின. செத்தது என் ஒரே கட்லியா ஓர்கிட்.

அது பழைய கலப்பினம். நான் பிறக்குமுன்பே எந்த நாட்டிலோ யாரோ இரண்டு செடிகளைச் சேர்த்து உண்டாக்கியது. இப்போது கடைகளில் வரும் கட்லியாக்களைப் பார்த்தால் இஸ்திரி போட்ட உடுப்புப் போல இருக்கும். வட்டமான, தட்டையான, ஒரு சுருக்கமும் இல்லாத பூ. வருடத்தில் இரண்டு தரம் பூக்கும், மணக்காது. பழையது அப்படியில்லை. இதழ்கள் நித்திரை முழித்தவனின் சேட்டுப் போலக் கொஞ்சம் கசங்கித் தொங்கும். வெளிறிய ஊதா, தொண்டையில் மஞ்சள். வருடத்துக்கு ஒருமுறை, மாரி மழை ஓய்ந்த கையோடு பூக்கும். காலையில் மட்டும் மணக்கும். பத்துமணிக்குப் பிறகு மூக்கை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனாலும் ஒன்றும் தராது.

அந்தச் செடியில் எனக்கு இருந்தது பாதிதான். மற்றப் பாதி ஒரு மாஸ்டரிடம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர், என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். மலைநாட்டில் ஒரு பங்களாவின் தோட்டத்தைக் கலைத்தபோது இரண்டுபேருமாகப் போய் அதை வாங்கி, வீட்டுக்கு வந்து நடுவால் வெட்டிப் பங்கிட்டோம். பெயர் எழுதிய லேபல் பஸ்ஸில் எங்கேயோ விழுந்துவிட்டது. பழைய கலப்பினத்துக்கு லேபல் போனால் பெயர் போனமாதிரிதான். ஒன்றுக்கொன்று கூடப்பிறந்ததுபோல எத்தனையோ இனம் இருக்கிறது, பூவைப் பார்த்து அறுதியாகச் சொல்ல ஏலாது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுவதுதான் ஒழுங்கு. நாங்கள் அதை எழுதவில்லை. அவர் ஒரு பெயரை எழுதித் தன் சட்டியில் குத்தினார். நான் வேறொரு பெயரை எழுதி என் சட்டியில் குத்தினேன். அந்தப் பெயர்களை இங்கே சொல்லமாட்டேன், சொன்னால் நீங்களும் கட்சி பிரிவீர்கள்.

ஞாயிறு காலைகளில் மாஸ்டர் என் வீட்டுக்கு வருவார். பூ இருந்தால் மணம் போகுமுன் பார்த்துவிட்டு, பெயர்ச் சண்டையைத் தொடங்குவோம். ருசியான சண்டை. நான் கல்யாணம் கட்டாதவன். பெண் தர ஒருவரும் முன்வராததற்கு நான் ஓர்கிட்டைக் காரணம் சொல்வது வழக்கம். எனக்குக் கிடைத்த ஒரே குடும்பச் சண்டை அதுதான். ஒரு ஞாயிறு அது கொஞ்சம் கூடிப்போனது.

"அப்ப உம்மட பாதி வேற செடி போல," என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர், என்ர பாதி நல்ல செடி," என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகு, மகளின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று, ஊருக்கு வெளியே கண்டி றோட்டில் இருக்கும் கப்பல்துறைக்குக் குடிபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதன்பிறகும் கட்லியா வருடம் தவறாமல் பூத்தது. பூத்த காலையில் யாருக்குக் காட்டுவது என்று வாசல் படலையடியில் நின்றேன். ஒழுங்கையில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் மட்டும் நின்றன. அவற்றுக்குக் காட்டினால் தின்றுவிடும். கடைசியில் சைக்கிளில் வந்த மீன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதைக் கறி வைக்கலாமோ ஐயா?"

"ஏலாது."

"அப்ப என்னத்துக்கு?"

அரைக்கிலோ சூடை மீன் வாங்கினேன்.

செடி செத்தபிறகு, ஒரு துண்டு கேட்க எனக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் துண்டு ஒரு சாட்டு. எனக்கு வேண்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு கண்டி பஸ் ஏறினேன்.

படலையைத் திறந்தது மாஸ்டரின் மனைவி. "அட, அண்ணையோ! நீங்கள் செத்துப்போனியள் எண்டெல்லோ இவர் சொன்னவர்!"

"இல்லைத் தங்கச்சி, செடிதான் செத்தது."

மாஸ்டர் பின்வளவில் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நின்றார். அவருடைய பாதிச் செடி, வாளியளவு சட்டியொன்றில் நிறைந்து வழிந்தது. அவர் திரும்பவில்லை.

"என்ன ஐசே, வழி தவறிட்டீரோ?"

"கண்டி றோட்டில எப்பிடி மாஸ்டர் வழி தவறுறது? என்ர பாதி செத்துப்போச்சு."

அப்போதுதான் திரும்பினார். "எப்பிடி?"

முழுவதையும் நடித்தே காட்டினேன். சாக்கைத் தூக்கியது, பெருமையடித்தது, மட்டையை நக்கியது. குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி புரைக்கேறும்வரை சிரித்தது கேட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

"கடல் மட்டையிலயோ வைச்சனீர்?"

"ஓம்."

"பூ இருந்ததோ?"

"போன மாரிக்கு நாலு பூ."

"ஆர் பாத்தது?"

"மீன்காரர்."

மாஸ்டர் கத்தியை எடுத்து மெழுகுதிரி நெருப்பில் காட்டினார். துண்டு கேட்பவனுக்குப் பின்பக்கத்து இலையில்லாத கிழட்டுத் தண்டைக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் முன்பக்கத்தில், புதுத் தளிர் விட்டிருந்த இடத்தில் வெட்டினார். அவருடைய செடியின் இந்த வருடப் பூ அந்தத் தளிரில்தான் வரவேண்டியிருந்தது. வெட்டுவாய் அழுகாமலிருக்கக் கறுவாத்தூள் தடவி, சின்னச் சட்டியொன்றில் வைத்துக் கட்டினார்.

"தனிச்ச துண்டு. இது தேறிப் பூக்க மூண்டு நாலு வருசம் செல்லும்," என்றார்.

யோகட் கோப்பையில் வெட்டிய வெள்ளைத் துண்டில் பென்சிலால் எழுதிச் சட்டியில் குத்தினார். செடிக்கு அவர் வைத்த பெயர். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் வாய்க்குள் நல்லதொரு பகிடி வந்து நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பகிடியை விழுங்கினேன். அது மீன்முள் மாதிரித்தான் இறங்கியது.

"சரியோ?"

"சரி மாஸ்டர்."

அந்தப் பெயர் பிழை. இப்போதும் சொல்கிறேன், பிழை.

தேத்தண்ணீர் வந்தது. மனைவி ஊர்ப்புதினம் கேட்டார். நான் சொன்னேன், அவர் சிரித்தார். மாஸ்டர் கதிரையை வளவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெட்டுப்பட்ட தன் செடியையே பார்த்தபடி இருந்தார். கோப்பை காலியானபிறகும் நான் கொஞ்சநேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்தான் சொன்னார்.

படலைவரை வந்தார். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரும்போது பஸ்ஸில் பாடமாக்கிய கேள்வியைக் கேட்டேன்.

"அடுத்த ஞாயிறும் வரட்டோ மாஸ்டர்?"

அவர் படலைக்குக் கொளுக்கியைப் போட்டார்.

"பூத்தாப் பிறகு வாரும்."